அத்தனாரிக்: அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு

கேள்வி: ஆரம்பகால கோத் மன்னர் அத்தனாரிக் யார்? அவர் குடும்பம் எப்படிப்பட்டது?

கோத்துகள் டான்யூப் ஆற்றுக்கு வடக்கே வாழ்ந்த ஜெர்மானிய இனத்தார்; அவர்களின் தலைவர்தான் அத்தனாரிக். முதலில், அவரை மன்னர் என்று கூப்பிட்டால் அவருக்கே பிடிக்காது. மன்னர் என்பது அதிகாரத்தைக் குறிக்கும், நீதிபதி என்பது அறிவைக் குறிக்கும், அதனால் தன்னை நீதிபதி என்றே அழைக்கச் சொன்னார் என்று அக்காலத்து ரோமப் பேச்சாளர் தெமிஸ்தியஸ் சொல்கிறார்.

குடும்பத்தில் எனக்குச் சுவாரசியமானவர் அப்பாதான். 332-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனிடம் தோற்ற கோத்துகள் பிணைக்கைதிகளைக் கொடுத்தார்கள். அவர்களில் இவருடைய அப்பாவும் ஒருவர் என்று கணிக்கிறார்கள். ரோமின் புதுத் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளில் அவருக்குச் சிலையே வைத்தான் கான்ஸ்டன்டைன். அப்படி மரியாதை பெற்ற மனிதர்தான், 'ரோம மண்ணில் கால் வைக்காதே' என்று மகனிடம் சத்தியம் வாங்கினார்!

369-இல் பேரரசர் வாலென்ஸோடு சமாதானம் பேசும்போது அத்தனாரிக் இந்தச் சத்தியத்தைத்தான் சொன்னார். எதிரியைத் தேடிப் போவது வாலென்ஸுக்குக் கௌரவக் குறைச்சல். கடைசியில் இருவரும் படகேறி எல்லையான டான்யூப் ஆற்றின் நடுவில் வந்து பேசினார்கள். சத்தியம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பணிந்து போகாமல் இருக்க அதைவிடத் தோதான சாக்கு கிடையாது.

அப்புறம் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தினார். 372-இல் சபா என்ற கிறிஸ்தவரை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது அப்போதுதான். 376 வாக்கில் கிழக்கிலிருந்து ஹூணர்கள் என்ற குதிரைப்படை நாடோடிகள் வந்தார்கள். நீஸ்டர் ஆற்றங்கரையில் அத்தனாரிக் முகாமிட்டுக் காத்திருக்க, அவர்கள் நிலா வெளிச்சத்தில் வேறொரு துறையில் ஆற்றைக் கடந்து திடீரென்று பாய்ந்தார்கள். சோற்றுக்கே வழியில்லாமல் பெரும்பாலான மக்கள் இவரை விட்டுப் பிரிந்து ரோமிடம் அடைக்கலம் கேட்டுப் போனார்கள். இவர் மட்டும் மலைப்பக்கம் ஒதுங்கினார்.

அங்கேயும் நிம்மதி இல்லை. நெருங்கியவர்களே சதி செய்து விரட்டிவிட்டார்கள். வேறு வழியின்றி 381 ஜனவரி 11 அன்று அப்பாவின் சிலை இருந்த அதே நகரத்துக்குள் நுழைந்தார். புதிய பேரரசர் தியோடோசியஸ் எதிர்கொண்டு வரவேற்றார். கப்பல்களையும் மதில்களையும் பார்த்து அத்தனாரிக் வாய் பிளந்தார் என்று கோத்துகளின் வரலாற்றை எழுதிய ஜோர்டேனஸ் சொல்கிறார். சரி, அவர் எழுதியது சுமார் 170 ஆண்டுகள் கழித்து.

இரண்டே வாரம். ஜனவரி 25 அன்று இறந்துபோனார். தியோடோசியஸ் அரச மரியாதையோடு அடக்கம் செய்தார். கூட வந்த கோத் வீரர்கள் அதைப் பார்த்து நெகிழ்ந்து ரோமப் படையிலேயே சேர்ந்துவிட்டார்கள்.