'பேஸ்' என்றால் ஓடச் சொல்வதில்லை தம்பி

லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: வேலை விளம்பரத்தில் 'ஃபாஸ்ட் பேஸ்டு' என்று போடுகிறார்கள், சேர்ந்த இடத்தில் சூப்பர்வைசர் 'பேஸ் யுவர்செல்ஃப்' என்கிறார், இந்த 'பேஸ்' (pace) வேகமா, நிதானமா? கூடவே ரூம் வாடகை, நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்றும். அரிசிக்கு ஹை ஸ்ட்ரீட் நார்த் பக்கம் ஒரு நடை போனால் போதும். வாடகையை அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேஸ் என்றால் நடக்கும்போது எடுத்து வைக்கிற ஓர் எட்டு. அப்புறம் நடக்கிற வேகம். கூடுதலா குறைச்சலா என்பதைப் பக்கத்தில் நிற்கிற சொல்தான் சொல்லும். விளம்பரத்தில் 'ஃபாஸ்ட்' சேர்ந்திருந்தால், நாலு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிற இடம் என்றே நான் எடுத்துக்கொள்வேன். 'பேஸ் யுவர்செல்ஃப்' என்பது திட்டு இல்லை. ஆரம்பத்திலேயே மூச்சு வாங்க ஓடாதே, ஷிப்ட் முடியும்வரை தாங்குகிற மாதிரி பார் என்கிறார். நல்ல மனுஷர், விட்டுவிடாதீர்கள்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவே 20 நிமிட இடைவேளை சட்டப்படி உண்டு. அதற்குச் சம்பளம் உண்டா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நான் முதலில் சேர்ந்த குடோனில் இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் லைனைப் பார்த்தவர் நம் ஊர்க்காரர்தான். இடைவேளை என்று வாயெடுத்தால், "வந்தவுடனே சட்டம் பேசுறியா?" என்பார். டிராலியைத் தள்ளிக்கொண்டே சாண்ட்விச்சைக் கடிப்போம். முன்னால் வந்த நம் ஆள்தான் பின்னால் வருகிறவனை அதிகம் விரட்டுவான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

'பேஸிங் அப் அண்ட் டவுன்' என்றால் குட்டி போட்ட பூனை மாதிரி அங்கேயும் இங்கேயும் நடப்பது. விசா பதில் வரும்வரை நீங்களும் நடப்பீர்கள். டாக்டர் 'பிரிஸ்க் பேஸ்', அதாவது விறுவிறு நடை, என்று சொன்னால் மணிக்கு 3 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியணும், பாட முடியக் கூடாது. இங்கத்திய அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் சொல்கிற அளவு அதுதான்.

ட்யூப் என்கிற சுரங்க ரயில் ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் மட்டும் தயவுசெய்து வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் நடக்கிறவர்களுக்கு. நம்மவர்கள் குடும்பத்தோடு இரண்டு பக்கமும் அடைத்து நின்று ஊர்க்கதை பேசுவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஏஞ்சல் ஸ்டேஷன் எஸ்கலேட்டர் சுமார் 60 மீட்டர் நீளம். அதில் இப்போதும் இடப்பக்கமாகத்தான் ஏறுகிறேன். இங்கேயே பிறந்த என் மகன் வலப்பக்கம் போனைப் பார்த்தபடி நின்று வருவான். மேலே அவனுக்காகக் காத்திருப்பது நான்தான்.