கட்டியவர் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சிலர் சேர்ந்து, இன்று புதிதாகக் கட்டப்படும் நாட்டுப்புறப் பாடல்களையும் மெட்டுகளையும் தொகுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடும்படி பகிர்ந்து வருகிறோம். நாட்டுப்புறப் பாட்டு மக்கள் சொத்து, அதற்கு ஆசிரியர் கிடையாது என்பதால் கட்டியவர்களின் பெயரைப் போடுவதில்லை. இடறும் சொற்களை மட்டும் சற்றுத் திருத்திக்கொள்கிறோம். எங்களுக்குச் சில ஐயங்கள். நேற்று எழுதிய பாட்டை நாட்டுப்புறப் பாட்டு என்று சொல்லலாமா? மெட்டுக்கு ஸ்வரம் எழுதி வைக்க வேண்டுமா, ஒலிப்பதிவே போதுமா? நூலாகவும் கொண்டுவரலாமா? முதல் தொகுதியை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல வேலை செய்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் திட்டப்போகிறேன் என்பதால். தொகுதியை முழுக்கப் படித்தேன், பதிவுகளையும் கேட்டேன். இரவுப் பணிக்குக் கிளம்பும் செவிலி ஒருத்தி தன் குழந்தையைத் தூங்கவைக்கும் தாலாட்டு இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. 'ராரிரரோ' என்று இழுக்கும் இடத்தில் நேரமாகிவிட்ட பதற்றம் குரலில் வந்துவிடுகிறது. யார் கட்டியது? செவிலியே கட்டினாளா, அவள் வேலைக்குப் போனபின் குழந்தையை வைத்துக்கொள்ளும் அவள் அம்மா கட்டினாளா? உங்கள் தொகுதியில் தேடினேன். இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் 'தொகுப்பாளர்கள்' என்று உங்கள் எல்லோருடைய பெயரும் பட்டத்தோடு இருக்கிறது. மக்கள் சொத்து என்ற தத்துவம் அந்தப் பக்கத்துக்கு மட்டும் பொருந்தாதோ?

புதிய பாட்டை நாட்டுப்புறப் பாட்டு எனலாமா என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. பன்னாட்டு நாட்டுப்புற இசைக் கழகம் 1954இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் கூடி ஒரு வரையறை தந்தது. தொடர்ச்சி, மாறுபாடு, சமூகத்தின் தேர்வு ஆகிய மூன்றும்தான் அதன் அடிப்படை. ஒரு தனிமனிதர் இயற்றிய பாட்டும், ஒரு சமூகத்தின் வாய்மொழி மரபில் கலந்து அங்கே உருமாறினால் நாட்டுப்புற இசைதான் என்று அதிலேயே இருக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியக்கூடாது என்று எங்கும் இல்லை. ஆகவே உங்களிடம் இருப்பவை இன்னும் நாட்டுப்புறப் பாட்டுகள் அல்ல. ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. நூல் பற்றி இப்போது பேச்சே வேண்டாம்.

பெயருக்கு வருகிறேன். 'ஆசிரியர் அறியப்படவில்லை' என்பது நாட்டுப்புறப் பாட்டின் இலக்கணம் அல்ல. பாதி நேரம் அது தொகுத்தவரின் சோம்பல். காவடிச்சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடியவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. எழுத்தறியாதவர்களும் காவடியோடு அவற்றைப் பாடி ஆடியிருக்கிறார்கள். அவர் பெயர் தெரிந்ததால் யாருடைய கால் தடுமாறியது? கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று அன்றன்றைய சேதிகளைப் பாட்டாக அச்சிட்டுத் தெருமுனையில் பாடி விற்ற சிந்து நூல்களைப் பாருங்கள். படித்தவர்கள் தொடக்கூசிய மலிவுத் தாள்கள். அவற்றிலும் பலவற்றின் முகப்பில் இயற்றியவர் பெயர் இருக்கும். அவர்களுக்கு இருந்த தன்மானம் உங்கள் தொகுதிக்கு இல்லை.

நீங்கள் செய்வதைப் போலவே புதிய பாட்டுகளைச் சேர்த்துப் பரப்ப, 1962இல் நியூயார்க்கில் ஆக்னஸ் கன்னிங்காமும் அவர் கணவர் கோர்டன் ஃப்ரீசனும் 'பிராட்சைட்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார்கள். உருட்டச்சில் எடுத்த ஏழைத் தாள். பாப் டிலனின் தொடக்ககாலப் பாட்டுகள் சில அதில்தான் வெளியாயின. கட்டியவர் பெயரோடுதான் வெளியாயின. பெயர் இருந்ததால் யாரும் பாடாமல் விட்டுவிடவில்லை. ஜே உங்கர் 1982இல் அமைத்த 'அஷோகன் ஃபேர்வெல்' என்ற வயலின் மெட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1990இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அதைக் கேட்ட பலர், அந்தப் போர்க்காலத்துப் பழைய மெட்டு என்றே நம்பினார்கள். ஊர் தானாகவே பெயரை மறந்துகொள்ளும். அதற்கு முன்கூட்டியே அழித்துக்கொடுக்க ஒரு தொகுப்பாளர் தேவையில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். இளவயதில் ஓர் ஆய்வாளருக்கு டேப் ரிக்கார்டர் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். நடவுப் பாட்டுகள் இரண்டு மூன்று முடிந்தபின், கேட்காமலேயே ஒன்றை எடுத்தார்:

ஏற்றம் இறைத்த கை ஏங்கி நிற்குது
மோட்டார் போட்ட கிணறு மூச்சு வாங்குது

அடுத்த வரிக்கு வாயெடுப்பதற்குள் ஆய்வாளர் விசையை அழுத்தி நிறுத்திவிட்டார். "மோட்டார் எல்லாம் வருகிறது, இது புதுசு. பழைய பாட்டாக ஒன்று பாடுங்கள் அம்மா." அந்த அம்மாள், "இது என் கொழுந்தியாள் கட்டியது, நன்றாக இருக்குமே" என்றார். ஆய்வாளர் நாடாவைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டி, அதன்மேலேயே அடுத்த பாட்டைப் பதிந்தார். நாடாவை மிச்சப்படுத்தினாராம். எனக்கு நினைவில் நிற்பது அந்த இரண்டு வரிதான். நிலத்தடி நீர் வற்றத் தொடங்கியதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கொழுந்தியாள் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த ஆய்வாளர் புதுசு என்று ஒதுக்கினார், நீங்கள் புதியதைத் தேடிப் போகிறீர்கள். அதனால்தான் உங்கள்மேல் இவ்வளவு பிரியம். ஆனால் அந்தக் கொழுந்தியாளை இரண்டு பேருமே பார்க்கப் போகவில்லையே.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டின் வரிகள் எழுதியவருக்கு அவர் ஆயுள் முழுக்கவும், இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமையானவை. 'யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம்' என்று அனுமதி கொடுக்க வேண்டியவர் அவர். நீங்கள் எப்படிக் கொடுக்கிறீர்கள்? கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் 'திருத்தம்' வேலையை இன்றோடு நிறுத்துங்கள். தாலாட்டில் 'டியூட்டி' என்று பதிவில் தெளிவாகக் கேட்கிறது. உங்கள் அச்சில் 'கடமை' என்று இருக்கிறது. அந்த அம்மா கடமைக்குப் போகவில்லை ஐயா, டியூட்டிக்குப் போகிறாள்.

ஸ்வரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதலாம், ஆனால் ஒலிப்பதிவுக்குப் பதிலாக அல்ல. இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் 1906இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நாட்டுப்புறப் பாட்டுகளை ஃபோனோகிராஃப் வைத்துப் பதிந்தபோது, ஒரே பாடகர் அடிக்கு அடி மெட்டை மாற்றுவதைக் கேட்டு, அத்தனை மாற்றத்தையும் குறித்துவைத்தார். பாடியவரின் பெயரையும் குறித்துவைத்தார். மற்றதை இன்னொரு நாள் பேசலாம்.

உங்களுக்குப் பாட்டுத் தந்தவர்களின் தொலைபேசி எண்கள் எப்படியும் உங்களிடம் இருக்கும். தாலாட்டிலிருந்து தொடங்குங்கள். யார் கட்டியது, எப்போது, எந்தப் பழைய மெட்டின் மேல், யாருக்காக என்று கேளுங்கள். பெயர் வேண்டாம் என்று அவர்களே சொன்னால் அதையும் அப்படியே எழுதிவையுங்கள். தெரிந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள், நான் காத்திருக்கிறேன்.