அப்கிரேடு நேரத்தில் டேட்டாபேஸ் ஃபைலில் கை வைக்கலாமா? (கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல 12-ஆம் பதிப்புலேர்ந்து 16-க்கு மாறினேன். பழைய டேட்டா ஃபோல்டரைக் காட்டினா வெர்ஷன் ஒத்துவரலைன்னு நின்னுடுது. உள்ளே பிஜி_வெர்ஷன்னு ஒரு ஃபைல், திறந்தா வெறும் 12. அதை 16-ன்னு மாத்தினா போதும்தானே?

பதில்: போதாது தம்பி. ஒவ்வொரு டேட்டாபேஸ் ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது. அது போக பிஜி_கன்ட்ரோல் என்ற பைனரி ஃபைல், கேட்டலாக் (டேட்டாபேஸ் தன்னைப் பற்றியே குறித்து வைக்கும் சிஸ்டம் டேபிள்கள்) எந்த வடிவம் என்பதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கும். நீ 16 என்று எழுதினாலும் பிஜி_கன்ட்ரோலைப் பார்த்துவிட்டு சர்வர் கிளம்பாது. கிளம்பாததே உன் நல்ல நேரம். சிஸ்டம் டேபிள்களின் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். 12-இன் அடுக்கை 16 தன் கணக்கில் படித்தால் என்ன ஆகும் என்று யோசி.

முதலில் அந்த 12-ஐ இருந்தபடி வை. பிறகு பழைய டேட்டாவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பிஜி_அப்கிரேட் கருவியை ஓட்டு; இல்லையென்றால் 16-உடன் வரும் பிஜி_டம்ப்பால் பழைய சர்வரிலிருந்து டேட்டாவை எடுத்துப் புதியதில் ஏற்று. பிஜி_அப்கிரேடில் லிங்க் ஆப்ஷன் (காப்பி எடுக்காமல் பழைய ஃபைல்களையே பகிர்ந்துகொள்வது) சட்டென்று முடியும்தான். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை ஓட்டிவிட்டால் பழையதை நம்பி ஓட்ட முடியாது. டிஸ்கில் இடமிருந்தால் காப்பி முறையிலேயே போ.

கேள்வி: அப்கிரேடுக்கு டிஸ்கில் இடம் பத்தல மேடம். எங்க பழைய 9.6-ல பிஜி_எக்ஸ்லாக் ஃபோல்டர்தான் பெருசா இருக்கு. பழைய லாக்தானே, அழிச்சிடவா?

பதில்: ஐயோ, தொடாதீங்க! அது தூக்கிப்போடக்கூடிய சாதாரண லாக் இல்லை. டேபிள் ஃபைலுக்கு இன்னும் போய்ச் சேராத மாற்றங்கள் அங்கேதான் இருக்கும். உங்களைப் போல பலர் பெயரைப் பார்த்து அழித்ததால்தான் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே பிஜி_வால் என்று மாற்றினார்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இதைச் செய்தார். அன்று ராத்திரி முழுக்க நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அது ஏன் வீங்குகிறது என்று பாருங்கள்: பெரும்பாலும் கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (இன்னொரு சர்வருக்காக மாற்றங்களைப் பிடித்து வைப்பது), அல்லது தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்க்கைவ் கமாண்ட் (அந்த ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுக்கும் கமாண்ட்).

கேள்வி: நான் எழுதுறது எஸ்கியூலைட் (ஒரே ஃபைல்ல இருக்கிற டேட்டாபேஸ்) ஆப். அப்கிரேடுக்கு முன்னாடி ஒரே ஒரு ஃபைலை காப்பி பண்ணினா பேக்கப் ஆயிடும்ல?

பதில்: ஆப் ஓடும்போது ஆகாது. பக்கத்தில் வால் என்று முடியும் ஃபைல் இருந்தால் கடைசியாகச் சேமித்தவை அதில் இருக்கலாம். எஸ்கியூலைட்டின் டாட் பேக்கப் கமாண்டைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் அப்கிரேடு பண்ணும்போதே சைட் பேரையும் மாத்தலாம்னு டம்ப் ஃபைலை (டேட்டாபேஸை டெக்ஸ்டா எடுத்தது) எடிட்டர்ல திறந்து எல்லா இடத்திலும் மாத்தினேன். விட்ஜெட் எல்லாம் காணோம்.

பதில்: செட்டிங்குகளில் பல, நீளத்தோடு சேர்த்து எழுதப்பட்டவை. எச்டிடிபியை எச்டிடிபிஎஸ் ஆக்கினாலே ஒரு பைட் கூடிவிடும். பக்கத்தில் பழைய நீளம் அப்படியே நிற்கும். வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழி அந்த வரியையே படிக்காது. நீளத்தையும் கையால் திருத்தலாம் என்று கிளம்பாதீர்கள். 'அம்மா' கண்ணுக்கு மூன்று எழுத்து, யூடிஎஃப்-8 கணக்கில் 15 பைட்! பழைய டம்ப்பை ஏற்றிவிட்டு, வேர்ட்பிரஸின் கமாண்ட் லைன் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் செர்ச்-ரீப்ளேஸை ஓட்டுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே கை வச்சுட்டேன் அக்கா. இப்ப என்ன பண்றது?

பதில்: சர்வரை நிறுத்து. ஃபோல்டர் முழுவதையும் இருக்கிற கோலத்திலேயே வேறு டிஸ்கில் காப்பி எடு. என்ன மாற்றினாய் என்று நினைவில் இருப்பதையெல்லாம் இப்போதே எழுதி வை, நாளைக்கு மறந்துவிடும். அப்புறம் அந்தக் காப்பியில் வேலை பார்ப்போம்.