பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவரை வரையலாமா? – கேள்வி பதில்

சேலத்தில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். என் மேஜையில் எப்போதும் வெள்ளைத் தாளும் பென்சிலும் இருக்கும். சுபாவம், உறவு என்று வாயால் விளக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள்கூட, ஒரு கார்ட்டூனை நீட்டினால் குனிந்து பார்க்கிறார்கள். இதைப் பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

அம்மாபேட்டை சகோதரி: அக்கா, எங்க வீட்டுக்காரர் வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி வருவார். நான் கத்திவிடுகிறேன். இதைப் படமாக வரைந்து காட்டினால் திருந்துவாரா?

திருத்துவதற்காக வரைவதானால் வேண்டாம்மா. அவருக்கு அது இன்னொரு திட்டாகத்தான் தெரியும். ஆனந்த விகடனில் மதன் வரைந்த முன்ஜாக்கிரதை முத்தண்ணா நினைவிருக்கிறதா? அவரைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் எனக்கு அவர் மேல் கோபமே வந்ததில்லை. நம்ம வீட்டு மனிதர் போலத்தான் இருப்பார். உங்கள் படத்திலும் அந்தப் பிரியம் இருக்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஏற்காட்டுக்குப் போகும் ஒரு காரை வரையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, உள்ளே நான்கு பேர். ஒருவர் வளைவை எண்ணி, இன்னும் எத்தனை என்று சொல்லிக்கொண்டே வருகிறார். ஒருவர் கையில் எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் தயாராக இருக்கின்றன. ஒருவர் பாடிக்கொண்டே எதிரே வரும் பஸ்ஸுக்குக் கை காட்டுகிறார். இன்னொருவர் ஜன்னலில் சாய்ந்து ஒன்றும் பேசாமல் மலையைப் பார்க்கிறார். பெயர் எழுதாதீர்கள். வீட்டில் எல்லோரிடமும் "இதில் நீங்க யாரு?" என்று மட்டும் கேளுங்கள். அவரவரே தன்னைக் காட்டிச் சிரிப்பார்கள். அப்புறம் இரண்டாவது கேள்வி: "பத்தாவது வளைவில் வயிறு புரட்டினால் யாரைத் தேடுவீங்க?" எலுமிச்சம்பழக்காரரைத்தான். பூட்டை இழுத்துப் பார்ப்பவரும் அவர்தான் என்று உங்களுக்கே அப்போது தெரியும்.

ஒன்று மட்டும். சரிபார்த்துச் சரிபார்த்தே வேலைக்குப் போக முடியாமல், ராத்திரி தூங்க முடியாமல் அவர் தவித்தால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடக் கூடாது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கொண்டலாம்பட்டி வாசகர்: எனக்கு வரையவே வராதே?

வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு போதும். மற்றதைப் புருவம் பார்த்துக்கொள்ளும். மூக்கை நோக்கிச் சரிந்தால் கோபம், மூக்குப் பக்கம் மேலே ஏறினால் கவலை. முகம் எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு பேர் அதில் தங்களைப் பார்ப்பார்கள். நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து, மாமனார் மூக்கை அப்படியே போட்டுவிடுவார்கள்.

ஓமலூர் தம்பி: கம்பெனியில் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள், ஐஎன்டிஜே என்று வந்தது. ஆறு மாதம் கழித்து அதே தேர்வில் ஐஎன்எஃப்பி. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். இந்த நாலெழுத்தை வைத்துப் பொருத்தம் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. கார்ல் யுங் 1921-இல் எழுதிய கருத்துகளை எடுத்துக்கொண்டு, காதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மயர்ஸ் என்ற மகளும் அமெரிக்காவில் உருவாக்கிய தேர்வு அது. மொத்தம் 16 வகை, ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நாலெழுத்து. பேச்சைத் தொடங்கிவைக்க நல்லதுதான், ஆனால் கட்டம் கட்டிவிடுகிறது. 165 சென்டிமீட்டரில் கோடு போட்டு, 164 குள்ளம், 166 உயரம் என்று சொன்னால் எப்படி? மனிதர்களில் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். அன்றைக்கு மனநிலை கொஞ்சம் மாறினால் எழுத்தும் மாறிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஐந்து குணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒருவர் எவ்வளவு தூரம் இருக்கிறார் என்று அளக்கிறார்கள்: புதியதில் ஆர்வம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம்.

நான் இதற்கு ஒரு நீளக் கோடு போடுவேன். ஒரு முனையில் கல்யாண மண்டபத்தில் எல்லாப் பந்தியிலும் போய்ப் பேசும் ஆள், மறுமுனையில் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்ட ஆள். கார்ட்டூன் முனைகளை மட்டும் காட்டட்டும். இடையில் உள்ள கோட்டில் நீங்கள் இரண்டு புளியங்கொட்டைகளை வையுங்கள், உங்களுக்கு ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்று. அவரும் அதேபோல வைக்கட்டும். அவர் உங்களை எங்கே வைத்தார், நீங்கள் எங்கே வைத்தீர்கள் என்ற இடைவெளியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு சாயங்காலம் போதாது.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தங்கை: விசேஷம் என்று சொந்தக்காரர்கள் கூடினால், என் கணவர் என் சமையலையும் உடம்பையும் வைத்து ஜோக் அடிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். கேட்டால், "சும்மா தமாஷ், நீயும்தானே சிரிச்ச" என்கிறார்.

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளில், நகையைத்தான் (சிரிப்பு) முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எள்ளல் என்றால் கேலி. பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று. பாருங்கள், எவ்வளவு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள்! கேலிக்கு ஆளானவர் சிரித்தார் என்பதாலேயே அது அவருக்குப் பிடித்திருந்தது என்று ஆகாது. பத்துப் பேர் நடுவில் வேறு என்ன செய்ய முடியும்?

தம்பதிகளைப் பல வருடம் ஆராய்ந்த ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், உறவை அதிகமாகக் கெடுப்பது இகழ்ச்சிதான் என்கிறார். குத்தல் ஜோக்கும் அதில் சேரும். சண்டைகூடப் பரவாயில்லை, சண்டையில் இருவரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். இகழ்ச்சியில் ஒருவர் மேலே ஏறிக்கொள்கிறார்.

அவரிடம் தனியாக இருக்கும்போது ஒரு தாளைக் கொடுங்கள். அந்தப் பந்தியை வரையச் சொல்லுங்கள், எல்லோரையும், உங்களையும். உங்கள் முகத்துக்குப் புருவம் போடும் இடத்தில் அவர் கை நிற்கும். அந்த இடத்தில் நீங்கள் பேசுங்கள். அவர் வரைய மறுத்தால் நீங்களே வரைந்து, உங்கள் புருவத்தை மட்டும் போட்டுக் கொடுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: கணவர் குடிக்காமலே அடிக்கிறார். அவர் முன்கோபக்காரர் என்ற வகை என்கிறார்கள். கார்ட்டூன் உதவுமா?

உதவாது. அடிப்பது சுபாவமோ வகையோ இல்லை, குற்றம். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 181 பெண்கள் உதவி எண். இன்றைக்கே பேசுங்கள் அம்மா.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமியார்–மருமகள் மீம் போடலாமா?

கடைசிப் பத்து மீமில் முட்டாளாக இருப்பது யார் என்று எண்ணிப் பாருங்கள். பத்திலும் ஒரே ஆள் என்றால் போடாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை: ஆறாம் வகுப்பில் பேசாத பையன் ஒருவன். மற்ற பிள்ளைகள் அவனை ஆமை என்று வரைந்து ஒட்டிவிட்டார்கள். கிழித்துப் போட்டேன். வேறு என்ன செய்யலாம் மேடம்?

கிழித்தது சரி டீச்சர். அமைதி வேறு, கூச்சம் வேறு என்று முதலில் பாருங்கள். அமைதியானவனுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. கூச்சப்படுபவனுக்குப் பேச ஆசை, பயம் தடுக்கிறது. இவன் கூச்சப்படுபவன் என்றால் ஒருவரோடு மட்டும் பேச வழி செய்து கொடுங்கள்.

வகுப்புக்கு ஒரு காப்பித் தோட்டம் வரையச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் தினமும் பார்ப்பதுதானே: உயரமான சில்வர் ஓக், அதில் ஏறும் மிளகுக் கொடி, நிழலில் வளரும் காப்பிச் செடி, கத்திக்கொண்டே பறக்கும் கிளிகள். "இந்தத் தோட்டத்தில் நீ எது?" என்று ஒவ்வொருவரும் தன்னை மட்டும் வரையட்டும், அடுத்தவரை வரையக் கூடாது. அந்தப் பையன் தன்னை எங்கே வரைகிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.