மழை பெஞ்ச மறுநாள் ஏரி மீன் செத்தா அது மருந்தாத்தான் இருக்கணும்னு இல்லைங்க

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கறது இதுதான்: "எங்க ஊர் ஏரியில கோடை மழை பெஞ்ச மறுநாள் காலையில மீனெல்லாம் செத்து மிதக்குது. தண்ணி ஒரு ரெண்டு டிகிரி சூடானதுக்கே மீன் சாகுமா, இல்ல குத்தகைக்காரங்களே ஏதாச்சும் மருந்து கலந்துட்டாங்களா?"

அந்தக் கடைசி வரியப் படிச்சுட்டு என்னால அப்படியே போக முடியல. நீங்க ஏரிக்கரையோரம் வீடு இருக்கறவர்னு நினைக்கறேன், நாத்தம் தாங்க முடியாம கேட்டிருப்பீங்க, உங்க கோவம் நியாயம்தான். ஆனா அந்த குத்தகைக்காரங்க நின்ன இடத்துல நானும் நின்னிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன்.

நாங்க காவேரிப்பட்டினம் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டம். ஏரி பேர் வேணாம், எங்க ஊர்க்காரங்களும் இங்க படிக்கறாங்க. எங்க அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஏரி மீன் குத்தகைய ஏலத்துல எடுத்திருந்தாங்க. நான் பிஎஸ்சி ஜுவாலஜி படிச்சவ, குஞ்சு வாங்கறது, தீவனக் கணக்கு, வியாபாரிகிட்ட பேசறது எல்லாம் என் தலையில. கட்லா, ரோகு, மிர்கால்தான் விட்டிருந்தோம். 2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும், உள் மாவட்டத்துல பல ஊர்ல வெயில் 40 டிகிரியத் தாண்டிடுச்சு, அதுக்கு முந்தின வருஷம் மழையும் சரியில்ல, ஒகேனக்கல்லுலயே தண்ணிக்கு பதிலா பாறைதான் தெரிஞ்சது. எங்க ஏரி ரொம்பி கலங்கல் போயி ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு, 12 அடி நிக்கற இடத்துல 6 அடி கூட இல்ல. தண்ணி பச்சை பெயிண்ட் கரைச்ச மாதிரி. மத்தியானம் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தா மேல்தண்ணி 34, 35 காட்டும், குளிக்க எறங்கின பசங்க கீழ காலு பட்டா சில்லுனு இருக்குதுக்கானு சொல்லுவாங்க. அந்த சில்லுங்கற வார்த்தையில எவ்வளவு பெரிய ஆபத்து இருக்குனு படிச்சவ எனக்கே அப்ப உறைக்கல.

மே மாசம் ஒரு சாயங்காலம் காத்தோட மழை. வெக்கை தணிஞ்சதுனு ஊரே சந்தோஷப்பட்டுச்சு, நாங்களுந்தான், மாங்கா உதுந்த வருத்தம் மட்டும் சித்தப்பாவுக்கு. விடியக்காலம் நாலரை மணிக்கு காவலுக்கு இருந்த அண்ணன் போன் பண்ணாரு, "மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது பாப்பா, சீக்கிரம் வாங்க"ன்னு. டார்ச் அடிச்சுப் பார்த்தா கரையோரம் முழுக்க வாய் வாயா தெரியுது. பெரிய பெரிய கட்லாதான் முதல்ல சாஞ்சுது, 3 கிலோ 4 கிலோ மீனுங்க. மோட்டாரப் போட்டு தண்ணிய எறைச்சு மேலருந்து கொட்டிப் பார்த்தோம், அது அந்த மூலையில இருந்த கொஞ்சம் மீனுக்குத்தான் ஆச்சு. 8 மணிக்கெல்லாம் வெள்ளையா மிதக்குது. அம்மா கரையில உக்காந்துட்டாங்க, எந்திரிக்கவே இல்ல.

ஊரு கூடிடுச்சு. முதல்ல யாரோ வேண்டாதவங்க மருந்து கலந்துட்டாங்கன்னாங்க. ஒரு மணி நேரத்துல அந்தப் பேச்சு திரும்பி, குத்தகை முடியப்போகுதுன்னு இவங்களே மொத்தமா புடிக்கறதுக்கு கலந்துட்டாங்கன்னு ஆயிடுச்சு. மாட்ட ஏரிக்கு ஓட்டக்கூடாதுன்னு ஸ்பீக்கர் வெச்சு சொல்லிட்டாங்க. எங்க சித்தப்பா 30 வருஷமா அந்த ஊருக்கு நல்லது கெட்டதுக்கு நின்ன மனுஷன், அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல.

மறுநாள் ஒரு ஆபீஸ்ல இருந்து வந்தாங்க. வந்தது மத்தியானம் 12 மணிக்கு. பாட்டில்ல தண்ணி எடுத்தாங்க, பார்த்தாங்க, ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, வெயில்ல செத்திருக்கும்னு சொல்லிட்டு கிளம்பிட்டாங்க. பாசி நிறைஞ்ச ஏரியில மத்தியானம் ஆக்சிஜன் எப்பவுமே நல்லாத்தாங்க இருக்கும். பாசி பகல்ல வெளிச்சத்துல ஆக்சிஜன விடும், ராத்திரி பூரா அதே பாசியும் ஆக்சிஜன இழுக்கும், அதனால கம்மியா இருக்கற நேரம் சூரியன் வர்றதுக்கு முன்னாடி. 4 மணிக்கு நடந்ததுக்கு 12 மணி தண்ணி என்ன சாட்சி சொல்லும்?

இப்ப உங்க ரெண்டு டிகிரிக்கு வரேன். தண்ணி சூடாக சூடாக அதுல ஆக்சிஜன் கரையறது குறையும். 20 டிகிரியில ஒரு லிட்டர் நல்ல தண்ணியில சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30ல ஏழரைதான், 35ல 7க்கும் கீழ. இன்னொரு பக்கம் மீன் நம்மள மாதிரி உடம்பு சூட்ட ஒரே அளவா வெச்சுக்கற பிராணி இல்ல, தண்ணி என்ன சூடோ அதுவும் அதே சூடு, 10 டிகிரி ஏறினா அதோட மூச்சுத் தேவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடும். தேவை ஏறுது, இருப்பு எறங்குது. இது மட்டும்னா கூட எங்க மீன் செத்திருக்காது, ஏன்னா கட்லாவும் ரோகுவும் 32, 33 டிகிரியில நல்லாவே வளர்ற மீனுங்கதான்.

கொன்னது அந்த சில்லுனு இருந்த அடித்தண்ணி. வாரக்கணக்கா காத்தே இல்லாம வெயிலடிச்சா சூடான லேசான தண்ணி மூடி மாதிரி மேல நின்னுக்கும், கனமான குளிர் தண்ணி கீழ, ரெண்டும் கலக்காது. கீழ வெளிச்சமும் போகாது, பச்சை அவ்வளவு அடர்த்தி. அடியில சேறு, அழுகின பாசி, எச்சம் தீவனம் எல்லாம் மக்கி அங்க இருந்த ஆக்சிஜன முழுசா தின்னுட்டு அம்மோனியாவும் அழுகின முட்டை நாத்தம் வர்ற வாயுவும் சேர்த்து வெச்சிருக்கும். மழையும் காத்தும் வந்து மேல்தண்ணி சட்டுனு குளுந்ததும் அது கனமாகி கீழ எறங்கும், அடியில கிடந்தது எல்லாம் மேல வரும். மழை மோடத்துல அன்னிக்கு சாயங்காலம் பாசியும் ஆக்சிஜன் விட்டிருக்காது. எல்லாம் ஒரே ராத்திரியில.

மருந்தா மூச்சுத் திணறலானு ஓரளவு கண்ணாலயே கண்டுபிடிக்கலாம், இத தயவுசெஞ்சு உங்க ஊர்ல நாலு பேருக்கு சொல்லுங்க. ஆக்சிஜன் இல்லாம செத்தா பெருசுங்க முதல்ல சாகும், விடியறதுக்கு முன்னாடி சாகும், அதுக்கு முன்ன மேல வந்து வாயத் தொறந்துட்டு நிக்கும். மேல்காத்த குடிச்சு பொழைக்கற விரால், தேளி மாதிரி மீனுங்க தப்பிச்சுக்கும். மருந்துன்னா நேரம் காலம் கிடையாது, பொடி மீன், தவளை, பூச்சினு பெருசு சிறுசு பாக்காம விழும். எங்க ஏரியில அன்னிக்கு தவளை கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. நான் சொன்னேன், யாரு கேட்டாங்க, பொம்பளப் புள்ள புஸ்தகத்தப் படிச்சுட்டு பேசுதுன்னுட்டாங்க.

உடனே கமெண்ட்ல வந்து "எல்லாத்துக்கும் க்ளைமேட் சேஞ்சா, அது எல் நினோ வருஷம்"னு சொல்லப் போறவங்களுக்கு: ஆமா, 2023-24 எல் நினோதான், அதாவது பசிபிக் கடல் சூடாகி நம்ம பக்கமும் வெயில் ஏறுற வருஷம், நான் மறுக்கல. மீன் கோடையில சாகறது எங்க பாட்டி காலத்துலயும் உண்டு. நான் சொல்றது வேற. எங்க ஊரு சாக்கடை வாய்க்கால் நேரா ஏரிக்குள்ளதான் வருது, சோப்புத் தண்ணி, வயக்காட்டு யூரியா எல்லாம் சேர்ந்து. நாங்களும் மீன் சீக்கிரம் எடை ஏறணும்னு சாணியும் தவிடும் புண்ணாக்கும் அளவு பாக்காம கொட்டினோம், அத மறைக்க மாட்டேன், எங்க தப்பு அதுல இருக்கு. அந்த உரத்துலதான் பாசி பூத்துச்சு. வெயில் அதுமேல வந்து உக்காந்துச்சு. சும்மா வெயில்ல செத்துச்சுன்னு எழுதிட்டுப் போனா சாக்கடை தப்பிச்சுக்குது, நாங்களும் தப்பிச்சுக்கறோம். மருந்துன்னு சொன்னா எல்லாருமே தப்பிச்சுக்கறாங்க, எங்க அம்மா மட்டும் மாட்டிக்கறாங்க.

இன்னொண்ணு, இத யாரும் எழுதறதில்ல. செத்தது ஒரு நாள் கதை, அதுக்கப்புறம் ஏரிக்குள்ள யார் குடியிருக்கறாங்கங்கறதே மாறிடுது. சூடும் உரமும் சேர்ந்த தண்ணியில நீலப்பச்சைப் பாசிதான் ஜெயிக்கும், அது சூட்டுல மத்த பாசிய விட வேகமா பெருகும், தனக்குள்ள காத்துப்பை வெச்சுக்கிட்டு மிதந்து வந்து வெளிச்சத்தப் புடிச்சுக்கும். டாப்னியா மாதிரி பெரிய மிதவைப் பூச்சிங்களால அத சரியா திங்க முடியாது, அது குறைஞ்சு ரோட்டிஃபர் மாதிரி பொடிசுங்க மட்டும் மிஞ்சும். கட்லாவுக்கு சாப்பாடே அந்த மிதவைப் பூச்சிதான். அடிச் சேத்துல ஆக்சிஜன் இல்லாமலே தாக்குப்புடிக்கற செவப்புப் புழு மட்டும் நெறையும், சுத்தமான தண்ணி கேக்கற பூச்சிங்க காணாம போகும். அடுத்த வருஷம் நாங்க வலை போட்டப்ப வந்தது பாதிக்கு மேல ஜிலேபி மீனு, திலாப்பியான்னு சொல்றது, அதுவும் உள்ளங்கை அளவு கூட இல்ல, அந்த சைஸ்லயே வயித்துல முட்டையோட. 1952ல இந்தியாவுக்குக் கொண்டு வந்த மீனு அது, சூடு, கம்மி ஆக்சிஜன், உப்பு எல்லாத்தையும் தாங்கும், வாயிலயே குஞ்ச வெச்சு காப்பாத்தும். யாரோ விட்ட ஆப்பிரிக்கத் தேளியும் ரெண்டு மாட்டுச்சு, 2000லயே அத வளக்கக் கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டாச்சு, ஆனாலும் இருக்கு. எங்க அம்மா சின்ன வயசுல இதே ஏரியில மொத மழைக்கு ஏத்து மீன் புடிப்பாங்களாம், புது தண்ணி வாய்க்கால்ல எறங்குற சத்தம் கேட்டாலே கெண்டையும் ஆராலும் எதுத்து ஏறி வரும்னு சொல்லுவாங்க, முந்தானையில அள்ளுவாங்களாம். அயிரைய நான் எங்க ஏரியில பார்த்ததே இல்லைங்க.

கடல் மீன் சூடு புடிக்கலன்னா நகந்துக்கும். மத்தி கேரளாக் கரையோட மீனாத்தான் இருந்துச்சு, இப்ப நம்ம தமிழ்நாட்டுக் கரையிலயும் டன் கணக்குல புடிக்கறாங்க. கங்கையில கீழ்ப்பகுதியில இருந்த நம்ம உளுவையும் கெளுத்தியும் ஹரித்வார் பக்கம் குளிர் தண்ணி இருந்த இடம் வரைக்கும் மேல ஏறிடுச்சுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க எழுதியிருக்காங்க, அங்க ஆத்துத் தண்ணியோட சூடு சுமார் ஒன்றரை டிகிரி ஏறினதுக்கே. உங்க ரெண்டு டிகிரிக்கு இதவிட என்ன பதில் வேணும்? பவளப்பாறைக்கு நகர முடியாது, மன்னார் வளைகுடாவுல 1998, 2010, 2016னு சூடு ஏறினப்பல்லாம் வெளுத்துப் போச்சு. ஏரி மீனும் அந்தப் பவளம் மாதிரிதான், கரைக்கு அந்தாண்ட போக அதுக்கு இடமே இல்ல. நம்ம தென்பெண்ணையில மேல ஏறலாம்னா கிருஷ்ணகிரி அணை, அதுக்கு மேல கெலவரப்பள்ளி, அங்க பெங்களூரு கழிவு நுரை நுரையா பொங்கி வர்றத வருஷா வருஷம் டிவியில காட்டறாங்க. அங்க ஏறி என்ன பண்ணும் மீனு.

இதோட சேர்த்து ஒண்ணு சொல்லிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். அன்னிக்கு காலையில உசுரோட மிச்சமிருந்தத அவசரமா வலை போட்டு எடுத்து ஐஸ் பெட்டியில வெச்சு மொத்த வியாபாரிகிட்ட கொண்டு போனோம். எப்பவும் 10 கிலோவுக்கு 1 கிலோ தண்ணிக் கழிவுன்னு எடுத்துக்குவாரு, அன்னிக்கு 2 கிலோ எடுத்துக்கிட்டாரு, வெலையும் பாதி. அவர் தராசு, அவர் கணக்கு, அவர் பேச்சு. மீன்ல எங்க இருக்கு அஞ்சுல ஒரு பங்கு தண்ணி சொட்டறதுக்கு? மாங்கா மண்டியிலயும் இதே கதைதான், சித்தப்பா ரெண்டு எடத்துலயும் வருஷம் பூரா கழிவு குடுத்துட்டே இருக்காரு. வெளயறது நம்ம கையில இல்ல சரி, எடை போடறதாவது நேர்மையா இருக்கக்கூடாதா? இத நினைச்சா எனக்கு மீன் செத்தத விட அதிகமா வயிறு எரியுது.

சரி. இப்ப நாங்க என்ன பண்றோம்னா, குஞ்சு பாதியாக் குறைச்சாச்சு. மார்ச்சுலருந்து ஜூன் வரைக்கும் சாணி கிடையாது, மோடம் போட்ட அன்னிக்கு தீவனமும் கிடையாது. தண்ணி எறங்கறதுக்கு முன்னாடியே பெரிய மீன புடிச்சு வித்துடறோம், வெல கம்மியானாலும். மழை பெய்யப் போகுதுன்னா ராத்திரியே மோட்டார் போட்டு தண்ணிய சுத்த விடறோம். ஆக்சிஜன் பாக்கற கிட் ஒண்ணு வாங்கினேன், சொட்டு மருந்து விட்டு கலர் பாக்கற சாதா கிட்தான், வெயில் நாள்ல 4 மணிக்கு அம்மா என்னை எழுப்பி விட்டுடுவாங்க, லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ வந்தா உடனே மோட்டார். பஞ்சாயத்துல சாக்கடை ஏரிக்குள்ள வர்ற எடத்துல ஒரு தொட்டி கட்டச் சொல்லி மூணு தடவை மனு குடுத்தாச்சு, இன்னும் நடக்கல.

உங்க ஏரிய நான் பார்க்கல, அதனால அங்க மருந்தே இல்லன்னு அடிச்சு சொல்ல மாட்டேன். தண்ணி என்ன கலர்ல இருந்துச்சு, எத்தனை அடி நின்னுச்சு, செத்ததுல பெருசு அதிகமா பொடிசு அதிகமா, விரால் செத்துச்சா, தவளை இருக்குதா, முதல் மீன் மிதந்தத பார்த்தது எத்தனை மணிக்கு, இதெல்லாம் எழுதுங்க, பார்த்து சொல்றேன். அதுவரைக்கும் அந்த குத்தகைக்காரங்க வீட்டுப் பக்கம் யாரும் சண்டைக்குப் போகாம பார்த்துக்கங்க.