இமை ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம்: வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவரின் பதில்கள்

அம்மாவுக்கு 62 வயது. தொங்கிய மேல் இமைத் தோலை இரண்டு கண்ணிலும் எடுத்தார்கள். இன்று மூன்றாம் நாள், முதல் நாளைவிட வீக்கம் கூடியிருக்கிறது. ஏதாவது தப்பாகிவிட்டதா டாக்டர்? (ஊத்தங்கரை)

இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி வீங்கி, வலி தாங்கும் அளவில், பார்வையும் தெளிவாக இருந்தால் பயம் வேண்டாம். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான், 1 மி.மீ. கூடத் தடிமன் கிடையாது. அடியில் இருக்கும் திசுவும் தளர்வானது என்பதால் நீர் சுலபமாகத் தங்கிவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போய், அப்புறம் வடியத் தொடங்கும். பெரும்பகுதி இரண்டு வாரத்தில் போய்விடும். தலையணையை உயர்த்திப் படுக்க வையுங்கள்.

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைக்காமல் வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறது. இமை முடி உள்ளே திரும்பிக் கண்ணில் குத்துவதால் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பிரினைப் பத்து நாள் நிறுத்தினால் வீங்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். (பாலக்கோடு)

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளால் ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும் என்பது உண்மை. ஆனால் அவற்றை நிறுத்தி ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதா, தொடர்வதா என்பதை உங்கள் இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது சொல்லாமல் விடும் மாத்திரைகளைப் பற்றித்தான். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ எல்லாமே ரத்தக் கசிவைக் கூட்டலாம். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆபரேஷன் அன்று பிரஷர் மாத்திரையை விடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவு இருந்தால் இமை முன்பே உப்பியிருக்கும், வடியவும் நாளாகும். சர்க்கரையும் புகைப்பழக்கமும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

தக்காளித் தோட்ட வேலைக்கு எப்போது போகலாம்? ஊறுகாய் சாப்பிடலாமா? (ராயக்கோட்டை)

குனிந்து பறிப்பது, கூடை தூக்குவது இரண்டுமே முகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும். இரண்டு வாரமாவது வேண்டாம். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். கொஞ்ச நாள் ஊறுகாயை ஒதுக்கி வையுங்கள்.

வீக்கத்துக்கு நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் விடலாமா? (பென்னாகரம்)

கூடவே கூடாது. தையல் போட்ட இடத்தில் கிருமி புகுந்துவிடும். முதல் 2 நாள் சுத்தமான துணியில் ஐஸ் சுற்றி, அழுத்தாமல் பத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள்.

எந்த வீக்கத்துக்கு உடனே ஓட வேண்டும்? (தேன்கனிக்கோட்டை)

ஒரு கண் மட்டும் திடீரென்று கல் மாதிரி இறுகி வீங்குவது, வலி மாத்திரைக்கும் அடங்காத வலி, பார்வை மங்குவது, கண் முன்னால் பிதுங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை அழுத்தினால், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம். உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் 108. சில நாள் கழித்துச் சிவப்பு, சீழ், காய்ச்சல் வந்தால் அது கிருமித் தொற்று, அன்றைக்கே காட்டுங்கள்.

உங்களுடையது மலைக் கிராமமாக இருந்தால், முதல் ராத்திரி மட்டுமாவது ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். இந்த ஆபத்து அதிகம் வருவது முதல் 24 மணி நேரத்தில்தான்.