டெக்சஸில் தோட்டா வாங்க சிங்கப்பூர் கார்டு செல்லுமா?

தம்பி, டெக்சஸில் அக்கா வீட்டுக்குப் போகும்போது இங்குள்ள கார்டில் ஒரு பெட்டி தோட்டா வாங்கி, நினைவாக இரண்டைக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரொக்கமா கார்டா என்பது கடைக்காரர் விருப்பம். சிக்கல் அங்கே இல்லை. நீங்கள் போவது பி2 எனும் சுற்றுலா விசாவில். அதில் போகிறவர் தோட்டா வைத்திருக்கவே அமெரிக்க மத்திய சட்டப்படி தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் இருக்கின்றன. அப்புறம் வயது: உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் தோட்டாவுக்கு 18, கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21.

கொண்டுவருவதா? வேண்டவே வேண்டாம்! கடை ரசீது சாங்கி விமான நிலையத்தில் உரிமம் ஆகாது. இங்கே சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 6 பிரம்படி. சாவிக்கொத்தில் தொங்கும் வெற்றுத் தோட்டாக் கூட்டைக்கூட காவல்துறை உரிமப் பிரிவைக் கேட்காமல் பையில் போடாதீர்கள். அக்காவிடம் சொல்லி ஒரு தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.